பழைய ஹேண்டிகேப் கோ ஆட்டங்களை எப்படிப் பாக்கணும்?

வடசேரி_கறுப்புக்கல்:
வணக்கம் மக்களே. நாகர்கோவில்ல ஞாயிறு சாயங்காலம் நாலஞ்சு பேர் கூடி பழைய கோ (கட்டம் போட்ட பலகையில கறுப்பு, வெள்ளைக் கல் வச்சு இடம் பிடிக்க ஆட்டம்) ஆட்டங்களைப் பலகையில வச்சுப் பாக்கோம். சம ஆட்டம் புரியுது. ஹேண்டிகேப்ல, அதாவது பலம் குறைஞ்ச கறுப்பு 4 கல், 6 கல்லை முதல்லயே பலகையில வச்சுத் தொடங்குற ஆட்டத்துல, வெள்ளை எந்த மூலையையும் முடிக்காம (உறுதியாக்காம) அங்கயும் இங்கயும் வைக்கு. எங்க திரும்புச்சுன்னே பிடிபடல்ல. மென்பொருள்ல போட்டா வெகுநேரம் கறுப்பு ஜெயிக்கவே 99 சதவீதம் வாய்ப்புன்னு காட்டுது. இன்னொண்ணு, 4 கல் ஆட்டக் கோப்பு ஒண்ணைத் திறந்தா பலகை காலியா நிக்கு.

தக்கலை_ஹோஷி:
கோப்பு விஷயம் எளுப்பம். எஸ்ஜிஎஃப்ல (கோ ஆட்டத்தைச் சேமிக்க கோப்பு வகை) 'ஹெச்ஏ 4' எண்ணிக்கையை மட்டும் சொல்லும், கல்லை வைக்காது. கல் வைக்கது 'ஏபி'. நோட்பேடுல திறந்து அதுல டிபி, பிடி, டிடி, பிபி (நாலு மூலைப் புள்ளிகளோட எழுத்து) சேருங்க. முதல் நகர்த்தல் வெள்ளைக்குன்னு இருக்கான்னும் பாருங்க. பலகை ஓர எழுத்துல 'ஐ' கிடையாது, கோப்புல உண்டு. கையால மாத்தி எழுதுனா வலது பாதி ஒரு கோடு தள்ளிப் போறது அதனாலதான்.

குழித்துறை_டெங்கென்:
சதவீதத்தை மறைச்சிட்டு புள்ளி வித்தியாசத்தைப் பாருங்க. 40 புள்ளி முன்னால நிக்கவன் 15 இழந்தாலும் சதவீதம் அசையாது.

அண்ணே, வெள்ளையைப் பாத்து அசந்து போவாதீங்க. ஆடு புலி ஆட்டத்துல ஆட்டுப்பக்கம் உக்காந்து பாக்க மாதிரி கறுப்புப் பக்கம் இருந்து பாருங்க. 6 கல் ஆட்டத்துல க்யூ16 (பலகை ஓரத்து எழுத்து க்யூவும் எண் 16ம் சந்திக்க புள்ளி) மூலையை வெள்ளை ஆர்14ல நெருங்குதுன்னு வைங்க. கறுப்பு ஆர்15ல ஒட்டி வைக்கும், வெள்ளை க்யூ14ல எழும்பும். ரெண்டு கல் சுவருக்கு மூணு இடம் விட்டு ஆர்10ல விரியணும்; ஆனா க்யூ10ல கறுப்பு ஏற்கெனவே இருக்கு. வெள்ளைக்கு மூச்சு முட்டும். 4 கல் ஆட்டத்துல க்யூ10 காலி, வெள்ளை தாராளமா விரியும்; அங்க இதே ஒட்டல் வெள்ளைக்கு உதவி செஞ்சுக் குடுத்த மாதிரி. அதனால 4 கல் ஆட்டத்துல ஓ17 இல்லேன்னா ஓ16 பதில்தான் நல்லது. வெள்ளை மூலையை முடிக்காம விடுறதும் கணக்குதான்: முடிச்சா கறுப்புக்குக் குழப்பமே மிச்சம் இருக்காது.

வடசேரி_கறுப்புக்கல்:
எதுல தொடங்கலாம்?

தக்கலை_ஹோஷி:
1846, ஓசாகா. 8 டான் (டான்னா தகுதிப் படி, எண் கூடுனா பலம் கூடுதல்) கென்னன் இன்செகியோட 4 டான் ஷூசாக்கு 2 கல் வாங்கி ஆடினது. 102 நகர்த்தலோட நின்னு போச்சு. கல் குடுத்து ஆடுறது நடக்காதுன்னு கென்னனுக்கு விளங்கிட்டு. அடுத்து கல் வாங்காம, கறுப்பு முதல்ல வச்சு ஆடினதுதான் பேர்போன 'காது சிவந்த' ஆட்டம். எல்லாரும் அதோட 127ஆவது நகர்த்தலுக்கு (அதைப் பாத்து கென்னன் காது சிவந்துச்சுன்னு கதை) ஓடுவாங்க. நீங்க இந்த 102ஐ முதல்ல வைங்க. ஒவ்வொரு கறுப்புக் கல்லையும் கையால மூடி, எங்க வைக்கும்னு சொல்லிப் பாத்துட்டு எடுங்க.