"பீடியை விட்டுடுங்க" என்பதற்கு மேல் டாக்டர் என்ன செய்யலாம்?

கேள்வி (கிளினிக் டாக்டர், குடியாத்தம்):
ஓபியில் ஒருத்தருக்கு 3 நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. இருமிக்கிட்டு வர்றவரிடம் "பீடியை விட்டுடுங்கய்யா" என்போம், சீட்டிலும் எழுதுவோம். சொன்னா கேக்கவா போறாங்கன்ற சலிப்பு நம்மில் பலருக்கு இருக்கு. புகையை விட உதவுற நிகோடின் சூயிங்கம் எழுதினா ரெண்டே நாளில் "விக்கல் எடுக்குது, வேணாம்" என்கிறாங்க. அந்த 3 நிமிஷத்தில் உருப்படியா என்ன செய்யலாம்?

நெஞ்சக மருத்துவர், வேலூர்:
அந்தச் சலிப்பைத்தான் முதலில் விடணும் டாக்டர். 2016-17 தேசிய புகையிலை கணக்கெடுப்பில், மருத்துவரிடம் போன புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் விடச் சொல்லி அறிவுரை கிடைச்சிருக்கு. டாக்டர் சுருக்கமா சொன்னாலே நூறில் 1 முதல் 3 பேர் கூடுதலா விடுறாங்க. மாசம் எத்தனை நூறு பேரைப் பார்க்கிறீங்க, கணக்குப் போடுங்க.

"எத்தனை கட்டு?" என்பதோடு நிறுத்தாம, "தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" என்று கேளுங்க. அரை மணிக்குள் என்றால் பிடி இறுகியிருக்கு, 4 மி.கி. நிகோடின் கம் வேணும். அதுக்கு மேல் என்றால் 2 மி.கி. போதும். பீடியை விட ரெண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறிச்சு சீட்டில் எழுதுங்க. விட்ட முதல் வாரம்தான் கண்டம், அதனால் 3-ஆம் நாள் நர்ஸ் ஒரு போன் போடட்டும். புகையிலையை விட ஆலோசனை தர்ற 1800-11-2356 இலவச எண்ணையும் கொடுங்க.

மருந்தாளுநர், ராணிப்பேட்டை:
விக்கலுக்குக் காரணம் மெல்லுற விதம் சார். சாதா சூயிங்கம் மாதிரி மென்னு எச்சிலை விழுங்கினா நிகோடின் வயித்துக்குப் போயிடும், விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவா மெல்லணும். காரமா, சுருக்குனு தெரிஞ்சதும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கணும். சுருக்கு அடங்கினதும் மறுபடி ரெண்டு மெல்லு, பக்கம் மாத்தி ஒதுக்கு. இப்படி அரை மணி. டீ, காபி குடிச்சு 15 நிமிஷத்துக்குள் போட்டா எச்சில் புளிப்பேறி நிகோடின் ஏறாது. நம்ம ஊரில் டீயும் பீடியும் ஜோடி என்பதால் இதை அழுத்திச் சொல்லணும். முதல் 6 வாரம் 1-2 மணிக்கு ஒண்ணு, பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம்.

கிராம சுகாதார செவிலியர், பேர்ணாம்பட்டு:
வீட்டுல யாராவது பீடி சுத்துறாங்களான்னு கண்டிப்பா கேளுங்க. மடியில முறம், அதுல தூளும் இலையும், அவர் கைக்கெட்டுற தூரத்துல. விட்டவருக்கு அந்த வாசனையே போதும். மூடி போட்ட டின்னுல தூளை வெச்சு, வேற அறையில சுத்தச் சொல்றோம். சுத்துறவங்க உடம்புலயும் தோல் வழியா, தூசி வழியா நிகோடின் ஏறுது, அவங்களையும் விசாரிங்க.

நெஞ்சக மருத்துவர், வேலூர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மூச்சிரைப்புக்கு தியோபிலின் மாத்திரை சாப்பிடுறவர் பீடியை விட்டா, புகையால் வேகமா கரைஞ்ச மருந்து ரத்தத்தில் தேங்கும். கம் போட்டாலும் இது மாறாது, புகைதான் காரணம், நிகோடின் இல்லை. படபடப்பு, குமட்டல் வந்தா பீடி ஏக்கம்னு விட்டுடாம முதல் வாரமே டோஸைப் பாருங்க. காபிக்கும் இதே கதைதான், பாதியாக்கச் சொல்லுங்க.