பித்தளை போட்ட பழைய 1:24 கிராலர், 9,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

மதுரைப்பொடியன் (எபேன், மொரீஷியஸ்):

வணக்கம். என்னோடு வேலை செய்கிறவர் அடுத்த மாதம் தீவை விட்டுக் கிளம்புகிறார். கட்டில், மிக்ஸி எல்லாவற்றையும் விற்றுவிட்டு இப்போது தன் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 ஜீப்பையும் விலைக்கு வைத்திருக்கிறார். கிராலர் என்கிறார்கள், கல்லில் மெதுவாக ஏறுகிற ரிமோட் பொம்மை வண்டி. 1:24 அளவு, அதாவது நிஜ வண்டியின் நீளத்தில் 24-ல் ஒரு பங்கு, உள்ளங்கையைவிடப் பெரிது. கேட்கிற விலை 9,000 ரூபாய் (நம் ஊர் ரூபாய் இல்லை, இந்தத் தீவு ரூபாய்).

வண்டியில் போட்டிருப்பதாக அவர் அனுப்பியது இது: நாலு சக்கரத்துக்கும் பித்தளை ரிம், முன் ஆக்சிலுக்குப் பித்தளை நக்கிளும் (சக்கரம் திரும்புகிற மூட்டு) டிஃப் மூடியும் (ஆக்சில் நடுவில் கியர் இருக்கிற இடத்தின் மூடி), மென்மையான டயர், உலோக கியர் செர்வோ (முன் சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார்), அலுமினிய ஷாக் (அதிர்வு தாங்கி), ஸ்டீல் டிரைவ் ஷாஃப்ட் (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற தண்டு). கூடவே ஒரு பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத வகை), வாங்கியபடி பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டு லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி.

இன்னொரு யோசனை, புதிதாக ஒரு டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் வரவழைப்பது. அனுப்பும் கூலி, 15 சதவீத வாட் எல்லாம் சேர்த்தால் 9,000-ஐத் தாண்டிவிடும் என்று தெரிகிறது.

எனக்கு இதில் அனுபவம் கிடையாது. சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த ரிமோட் கார்தான் கடைசி. வேகம் வேண்டாம். சனி ஞாயிறில் மோக்கா பக்கம் கருங்கல்லில் மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சாமான்களில் எது உருப்படி, எது மினுக்கு?

வேகப்பிரியன் (சென்னை):

பிரஷ்லெஸ் மோட்டார் சேர்த்துத் தருகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிப் போடுங்கள். அது ஒன்றே பாதி விலை பெறும். பிரஷ் மோட்டாரோடு ஓட்டுவதெல்லாம் ஒரு ஓட்டமா?

பட்டறை மாமா (ரோஸ் ஹில்):

தம்பி, நான் கரும்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டுப் பின்பக்கத்தில் இந்தச் சின்ன வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி மோட்டார். சென்னைத் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த ஜீப்பில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற இஎஸ்சியும் ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவரும் ஒரே பலகையில்தான் வருகின்றன. அந்தப் பலகை பிரஷ் மோட்டாரைத்தான் ஓட்டும். பிரஷ்லெஸ் போட்டால் தனி இஎஸ்சி வேண்டும், அப்புறம் தனி ரிசீவர், அந்த ரிசீவரோடு பேசுகிற வேறு ரிமோட். வாங்கியவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாட்டாமல் பெட்டியிலேயே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். விலையைக் குறைத்துக் கேளுங்கள். நல்ல பிரஷ்லெஸ் செட் மிக மெதுவாக நகரும்போது வழுவழுவென்று ஓடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் வருஷத்துக் கவலை இல்லை.

என் கணக்கில் இந்த அளவு வண்டிக்கு டயர், எடை, செர்வோ மூன்றும்தான் காசு பெறும். மற்றதெல்லாம் அப்புறம், வெகு தூரத்தில்.

டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சோடு சேர்ந்து அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். வண்டியின் எடைக்கே அடிப்பக்கம் லேசாகப் பரவி உட்கார வேண்டும். நம் தீவுக் கல் எரிமலைக் கல், முகமெல்லாம் பொத்தல். மெத்தென்ற டயர் அந்தப் பொத்தலுக்குள் பிதுங்கிப் பிடிக்கும். கெட்டி டயர் மேலோடு வழுக்கும். ரிம்மில் காற்று போக ஒரு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, எவ்வளவு நல்ல ரப்பரும் பந்து மாதிரி துள்ளும்.

எடை விஷயத்தை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நீளம் 24-ல் ஒரு பங்கானால் கனஅளவு 24 × 24 × 24, அதாவது 13,824-ல் ஒரு பங்கு. 2 டன் ஜீப்பை அப்படியே சுருக்கினால் 145 கிராம்தான் வரும். அந்த எடையில் எந்த டயரும் கல்லைக் கவ்வாது. அதனால்தான் இந்த உலகத்தில் எல்லோரும் பித்தளை பித்தளை என்று அலைகிறார்கள். அதிலும் எங்கே போடுகிறோம் என்பதுதான் சூட்சுமம். ரிம், நக்கிள், டிஃப் மூடி எல்லாம் ஆக்சில் மட்டத்தில் இருக்கின்றன, ஸ்ப்ரிங் மேல் உட்காரவில்லை. எனவே வண்டியை நிலத்தோடு பிடிக்கும், பாடியைச் சாய்க்காது. அந்த வகையில் உங்கள் நண்பர் விவரம் தெரிந்தவர். மேற்கூரை கேரியரிலும் பம்பரிலும் பித்தளை தொங்கவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வண்டி கண்காட்சிக்கு நன்றாக இருக்கும்.

ஆனால் நாலு சக்கரமும் பித்தளை என்கிறீர்களே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. செங்குத்தாக ஏறும்போது பின்பாரம் வண்டியை மல்லாத்திவிடும். சமையலறைத் தராசு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். முன் சக்கரம் இரண்டையும் தராசில் வைத்து, பின் சக்கரத்தை அதே உயரத்தில் ஒரு புத்தகத்தின் மேல் வையுங்கள். பிறகு மாற்றி வைத்துப் பாருங்கள். முன்பக்கம் நூற்றுக்கு 60 பங்கு வந்தால் நன்று. பாதிப் பாதி வந்தால் பின் ரிம்மைக் கழற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக் ரிம்மைப் போடலாம். பழைய ரிம் இருக்கிறதா என்று கேளுங்கள், முக்கியம்.

செர்வோவைத் தரையில் சும்மா திருப்பிப் பார்த்து ஏமாற வேண்டாம். முன் சக்கரத்தை இரண்டு கல்லுக்கு நடுவில் நெருக்கி வைத்துத் திருப்புங்கள். இந்த அளவில் கம்பெனி செர்வோக்கள் பித்தளை ஏறினதும் திணறும், அதனால் மாற்றியிருப்பது சரிதான். ஆனால் திருப்பும்போது வண்டி ஒரு விநாடி செத்து எழுந்தால், செர்வோ கேட்கிற கரண்டை அந்தப் பலகையால் கொடுக்க முடியவில்லை, வோல்ட் இறங்கி ரிசீவர் அணைந்து எரிகிறது என்று அர்த்தம். அப்போது செர்வோ எவ்வளவு ஒசத்தியானாலும் உங்களுக்குத் தலைவலிதான்.

அலுமினிய ஷாக் மினுக்கு. இவ்வளவு இலேசான வண்டிக்கு அதன் உராய்வே அதிகம். அழுத்தி விட்டால் எழாமல் பாதியில் நிற்கிறதா பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் தேவலை, பித்தளை பாரத்துக்கு ஸ்டீல் தாங்கும். ஆனால் ஷாஃப்ட் முறியாவிட்டால் அடுத்து முறிவது கியர். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்காவது 'டக்' என்று தட்டினால் பல் போயிருக்கிறது.

டிஆர்எக்ஸ்-4எம் 1:18, வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம்) 15.5 செ.மீ. உங்கள் ஜீப் 13 செ.மீ. சொச்சம். இரண்டு செ.மீ. அளவுதான் வித்தியாசம், ஆனால் கல்லில் அது பெரிய வித்தியாசம். 180 அளவு மோட்டார், கம்பிச்சுருள் 87 சுற்று; எண்ணெய் ஷாக்; நனைந்தாலும் தாங்குகிற எலெக்ட்ரானிக்ஸ். மோக்காவில் எப்போது தூறும் என்று யாருக்குத் தெரியும்? காசு பொருட்டில்லை என்றால் அதைத்தான் சொல்வேன். காசு பொருட்டு என்றால் இந்த ஜீப் மோசமில்லை, புயல் எச்சரிக்கை நாளில் வீட்டு மேசைமேல் புத்தகம் அடுக்கி ஓட்டலாம். எனக்கு 7,000-க்கு மேல் மனசு வராது.

மதுரைப்பொடியன்:

மாமா, ரொம்ப நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். படத்தில் முன் நக்கிள் பச்சை பூத்த மாதிரி தெரிகிறது. கெட்டுவிட்டதா? பேட்டரியை எப்படிப் பார்ப்பது?

பட்டறை மாமா:

அது களிம்பு. பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து நன்றாக அலசினால் போய்விடும். பித்தளையை மட்டும் கழற்றித் தேய்க்கணும், பேரிங்கில் புளித்தண்ணீர் படக் கூடாது. ஆனால் களிம்பு எதனால் வந்தது என்று கேளுங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் உப்பு உள்ளே போயிருக்கும். பித்தளை பிழைத்துக்கொள்ளும், ஸ்டீல் ஸ்க்ரூவும் பேரிங்கும் பிழைக்காது. ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்க்ரூ தலையைப் பாருங்கள், துருவேறியிருந்தால் விலையை இன்னும் இறக்குங்கள்.

பேட்டரி 7.4 வோல்ட், இரண்டு செல். மேசைமேல் வைத்தால் தட்டையாக உட்கார வேண்டும். வயிறு உப்பியிருந்தால் அதற்கு விலையே கிடையாது, தொடவும் வேண்டாம். முழுசாகச் சார்ஜ் ஏற்றினதும் செல்லுக்கு 4.2 வோல்ட் காட்ட வேண்டும், இரண்டு செல்லும் கிட்டத்தட்ட ஒன்றாக. சும்மா வைக்கிறபோது 3.8 வோல்ட்டில் வைக்கணும். அவர் முழு சார்ஜில் மாசக்கணக்கில் போட்டு வைத்திருந்தால் சீக்கிரம் உப்பும். வெளிநாட்டுக் கடைகள் பல லித்தியம் பேட்டரியைத் தபாலில் அனுப்புவதில்லை. எனவே நல்ல நிலையில் இருக்கிற பேட்டரிக்கு இந்தத் தீவில் தனி மரியாதை உண்டு.

மீனா (செயின் தெனி, ரெயூனியன்):

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரிக்காரி, என் பையன் டிஆர்எக்ஸ்-4எம் வைத்திருக்கிறான். மாமா உப்பைச் சொன்னார், நான் மணலைச் சொல்கிறேன். எங்கள் எத்தாங் சாலே கடற்கரை மணல் கறுப்பு, எரிமலை மணல். அதில் இரும்புத்தாது கலந்திருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தானே. ஒரு மத்தியானம் விளையாடினால் போதும், அந்தத் தூள் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது, ஊதினாலும் வராது. வேகப்பிரியன் சொல்கிற பிரஷ்லெஸ்ஸில் அவுட்ரன்னர் என்று ஒரு வகை உண்டு, அதற்கு இன்னும் மோசம், அதில் காந்தம் வெளிக்கூட்டோடு சேர்ந்து சுற்றுகிறது, பலவற்றில் மூடியும் கிடையாது. நாங்கள் இப்போது மணல் பக்கமே போவதில்லை, மேலே மலைப்பாதைக் கல்லோடு சரி.

உதிரி வாங்குவதில் எங்களுக்கு ஒரு வசதி, பிரான்ஸ் கடைகளிலிருந்து வரும். ஆனால் அதற்கும் 'ஒக்த்ருவா தெ மேர்' என்று இறக்குமதி வரி, மேலே 8.5 சதவீத டிவிஏ (எங்கள் ஊர் வாட்). சின்ன ஸ்க்ரூ பாக்கெட்டுக்குக் கூட கூலி அதிகம். அதனால் பழைய உதிரி எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகப்பிரியன்:

சரி மாமா, மோட்டார் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவர்டிரைவ் கியர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் செங்குத்தில் இழுத்துக்கொண்டு போகும்.

பட்டறை மாமா:

போகும். சமதளத்தில் டயரை அரைத்துக்கொண்டும் போகும், வளைவு மட்டும் சின்னதாகக் கிடைக்கும். டயரும் எடையும் சரியாகி, இன்னும் ஒரு குறிப்பிட்ட கல் மட்டும் ஏறவில்லை என்று ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு அது. தம்பிக்கு இப்போது வேண்டாம்.

மதுரைப்பொடியன்:

நேற்று போய்ப் பார்த்தேன். தராசு வைத்ததும் அவர் சிரித்துவிட்டார். முன்பக்கம் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட, மாமா சொன்ன கணக்குக்கு எட்டவில்லை. பழைய பிளாஸ்டிக் ரிம் நாலும் ஒரு டப்பாவில் இருந்தன. செர்வோ கல்லுக்கு நடுவிலும் திரும்பியது, வண்டி அணையவில்லை. களிம்பு மழையில் ஓட்டியதால் வந்ததாம், ஸ்க்ரூ தலைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஒரு பேட்டரி உப்பியிருந்தது. ஷாக் இரண்டு பாதியில் நிற்கிறது. மோட்டாரை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றதும் 6,500-க்கு இறங்கி வந்தார், அந்த உதிரி டப்பாவும் சேர்த்து. பேசி முடித்துவிட்டேன், சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, சமரேல் ஏழு வண்ண மண்ணில் ஓட்டிப் படம் எடுக்கலாமா?

பட்டறை மாமா:

6,500 நல்ல விலை. உப்பின பேட்டரியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், அவரிடமே விட்டுவிடுங்கள்.

சமரேலில் வேலி போட்டிருக்கிறார்கள், மனிதர்களையே அந்த மண்ணில் கால் வைக்க விடுவதில்லை, ஜீப்பையா விடுவார்கள்? கரும்புத் தோட்ட ஓரங்களில் நிலத்தைச் சுத்தம் செய்து குவித்த கருங்கல் மேடுகள் இருக்கின்றன, அவைதான் நமக்கு மைதானம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக் காலம், லாரி வரும், அப்போது உள்பக்கம் போக வேண்டாம். கியூர்பிப் பக்கம் போனால் கல்லில் பாசி இருக்கும், எந்த டயரும் வழுக்கும், வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

காசு கொடுக்கும்போது சார்ஜரையும் அந்தச் சின்ன ஹெக்ஸ் சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அதைத்தான் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.