அப்பாவுக்கு எல்டிஎல் 168, பிளான்ட் ஸ்டெரால் கேப்சூல் வேலை செய்யுமா?

முத்துநகர்_பொண்ணு
அப்பாவுக்கு 61 வயசு, போன வாரம் டெஸ்ட்ல எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168னு வந்துச்சு, சுகர் இல்ல, பிபி லேசா இருக்கு. டாக்டர் அட்டார்வாஸ்டாட்டின் 10 (கொலஸ்ட்ரால் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை) எழுதிக் குடுத்தாரு ஆனா அப்பா தொட மாட்டேங்கிறாரு, ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் விட முடியாதுன்னு வாக்கிங்ல யாரோ சொல்லிட்டாங்களாம். இப்ப அதே வாக்கிங் கோஷ்டி ஸ்டெரால் கேப்சூல் ஒரு டப்பா வாங்கித் தந்திருக்கு, கூடவே தவிட்டு எண்ணெய்க்கு மாறுங்க அதுலயே ஸ்டெரால் நெறைய இருக்குன்னு அட்வைஸ் வேற. நெஜமாவே குறையுமா இல்ல சும்மா விளம்பரமா?

டயட்_அக்கா
ஒரேடியா விளம்பரம்னு தள்ளிட முடியாதும்மா. பிளான்ட் ஸ்டெரால்னா செடில இருக்கிற கொழுப்பு மாதிரியான பொருள், பீட்டா சைட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் இதெல்லாம் அதுல ஒரு வகை, பாக்க அச்சு அசலா கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். குடல்ல கொலஸ்ட்ரால் உள்ள போகணும்னா பித்த உப்போட சேந்த குட்டிக் குட்டி உருண்டைல ஏறித்தான் போகணும், ஸ்டெரால் முன்னாடியே துண்டு போட்டு சீட்டு பிடிச்சுக்கும், இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோட வெளிய போயிடும். ஸ்டெரால உடம்பு 2 சதவீதம் கூட உள்ள சேக்காது, வந்ததையும் திருப்பித் தள்ளிடும்.

ஃபின்லாந்துல 1995ல இத மார்ஜரின்ல (செடி எண்ணெய்ல செஞ்ச வெண்ணெய் மாதிரி) கலந்து பெனகால்னு வித்தாங்க (அது ஸ்டெனால், இதோட பங்காளி). அதே வருஷம் வந்த ஆய்வுல 153 பேர வச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, மார்ஜரின் சாப்ட்டவங்களுக்கு எல்டிஎல் 14 சதவீதம் வரை எறங்குச்சு. பொதுவா நாளைக்கு 2 கிராம் எடுத்தா 8லருந்து 10 சதவீதம்னு வச்சுக்கலாம். வெறும் வயித்துல போட்டா பிரயோஜனம் கம்மி, சாப்பாட்டோட எடுக்கணும்.

எண்ணெய்க்கடை_தம்பி
அந்த 2 கிராம்லதான் மேட்டரே இருக்கு. சாதாரணமா சாப்பாட்டுலருந்து நமக்கு வர்றது 200லருந்து 400 மில்லிகிராம்தான். தவிட்டு எண்ணெய் 100 கிராம்ல ஒரு கிராமுக்கு கொஞ்சம் மேல இருக்கும், நல்லெண்ணெய்ல அதவிடக் கம்மி, தேங்காயெண்ணெய்ல 100 மில்லிகிராம் கூடத் தேறாது. அப்ப எண்ணெயிலயே 2 கிராம் எடுக்கணும்னா தினம் 150 கிராமுக்கு மேல குடிக்கணும், கொலஸ்ட்ரால் குறையுறதுக்குள்ள தொப்பை வந்துரும் 😄 அளவா ஊத்தி சமைங்க, தப்பில்ல, மருந்துன்னு நெனைக்காதீங்க. அப்புறம் பாட்டில்ல 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'ன்னு போடுறானே, எந்த செடி எண்ணெய்லங்க சொல்ற அளவுக்கு கொலஸ்ட்ரால் இருக்கு?

ரிட்டயர்டு_வாத்தியார்
கணக்கு போட்டுப் பாருங்கம்மா. 168ல 10 சதவீதம் போனாலும் 151. அட்டார்வா 10 மூணுல ஒரு பங்குக்கு மேல குறைக்கும், 110 பக்கம் வந்துரும். அதுவும் ஸ்டாட்டின் ஹார்ட் அட்டாக்க குறைக்கும்னு பெரிய பெரிய ட்ரயல் இருக்கு, ஸ்டெராலுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது, நம்பர் குறையுது அவ்ளோதான். நான் ரெண்டையும் சேத்தே எடுக்கிறேன், டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். 'விட முடியாது'ங்கிற பயம் இருக்கே, ஸ்டெராலும் நிறுத்தினா கொஞ்ச வாரத்துல பழையபடி ஏறிடும், அத அப்பாகிட்ட சொல்லுங்க.

டயட்_அக்கா
வாத்தியார் சொன்னது சரி. இன்னொண்ணு, ஸ்டெரால் எடுத்தா பீட்டா கரோட்டின் கொஞ்சம் குறையும், கேரட், பூசணி, கீரை கூட்டிக்கணும். குடும்பத்துல யாருக்காவது சைட்டோஸ்டெரோலீமியா இருந்தா தொடவே கூடாது, ரொம்ப அபூர்வம்தான், அவங்க உடம்புல இந்த ஸ்டெரால் தேங்கிடும். ஆமா அந்த டப்பால ஒரு கேப்சூலுக்கு எவ்ளோ போட்டுருக்கான்?

முத்துநகர்_பொண்ணு
இப்பதான் பாத்தேன் அக்கா, 450 மில்லிகிராம், நாளைக்கு ஒண்ணுன்னு போட்டுருக்கு. அப்ப 2 கிராம்ல கால்வாசி கூட வரல! அப்பாகிட்ட வாத்தியார் கணக்க அப்படியே காட்டிட்டேன், 151ங்கிறத பாத்துட்டு டப்பாவ ஓரமா வச்சுட்டாரு, திங்கக்கிழமை டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்லிருக்காரு.

எண்ணெய்க்கடை_தம்பி
போறப்ப டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க, வேற என்ன கலந்திருக்கான்னு அவரே பாக்கட்டும்.