செங்குத்துயரம் (முக்கோணியின்ர ஒரு மூலையில இருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக் கீறுற கோடு) எண்டாலே பயப்படுற பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுத்தனீங்கள்?

வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்ஸில ஏலெவல் மெத்ஸ் செய்யிற பிள்ளையள் பின்னேரத்தில என்னட்டக் கணக்குக் கேட்டு வாறவை, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் வந்தா கேள்வியை வாசிக்க முன்னமே ஃபோமியுலா தேடத் தொடங்கீடுவினம். செங்குத்துயரத்தின்ர சமன்பாடு கேட்டிருக்கும், இவை நீளத்தைக் கண்டுபிடிச்சு வைப்பினம். ரெண்டும் வேற எண்டு விளங்காட்டி எத்தினை பாஸ் பேப்பர் செய்தும் பிரயோசனம் இல்லை.

நான் குடுக்கிற முக்கோணி ஏ(1, 6), பி(1, 1), சி(5, 4). பிசியின்ர படித்திறன் (சாய்வு) 3/4, அப்ப ஏயில இருந்து வாற செங்குத்துக்கு −4/3, ஏக்கால போறதால 4எக்ஸ் + 3வை = 22, சமன்பாடு கேட்டா இதோட சரி. நீளம் எண்டா பிசியை 3எக்ஸ் − 4வை + 1 = 0 எண்டு எழுதி ஏயைப் போட −20 வரும், குறியை விட்டிட்டு 5ஆல பிரிச்சா 4.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். பிஏ நிலைக்குத்து, நீளம் 5. சியில இருந்து அதுக்கு உயரம் கீறினா கிடையாப் போகும், 5 − 1 = 4, பரப்பளவு 10. பிசியும் 5தானே, அப்ப ஏயில இருந்து வாற உயரமும் 4ஆத்தான் இருக்கவேணும். ஒரு பிள்ளை "அக்கா, ஃபோமியுலா இல்லாமலே வந்திட்டு" எண்டு திரும்பத் திரும்பக் கீறிப் பாத்துது, எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கொட்டாஞ்சேனையில இருந்து:
என் தங்கச்சிக்கு வேற பிரச்சினை அக்கா. அதே பி, சிய வச்சிக்கிட்டு ஏய (−6, 2)ல போட்டுக் குடுத்தேன், நீளம் 5, செங்குத்து பிசிக் கோட்டத் தொடுற அடிப்புள்ளி (−3, −2), அது பிக்கும் அங்கால முக்கோணிக்கு வெளிய விழுது. விடை சரியா வந்தும் எல்லாத்தையும் அழிச்சிட்டா, செங்குத்து உள்ளுக்குத்தானே விழணும்னு கேக்குறா. சின்ன வகுப்புல இருந்து போர்ட்ல கீறுறது முழுக்க கூர்ங்கோண முக்கோணியா இருந்தா புள்ளைங்க மனசுல அப்படித்தானே பதியும்? பிசிய அடிமட்டம் வச்சு நீட்டி, மூலைமட்டத்த அதுல தள்ளிக்கிட்டே போகச் சொன்னேன், ஏயைத் தொட்ட இடத்துல தானா விளங்கிச்சு.

முதல் எழுதின அக்காதான்:
மூலைமட்டம் நல்ல வழி தம்பி, நானும் செய்யப் போறன். அந்தத் தாளிலயே ஏபியையும் பிக்கு அங்கால நீட்டி மற்ற ரெண்டு உயரத்தையும் கீறச் சொல்லுங்கோ, தாள் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூட வேணும், மூண்டும் (3, −10)இல வந்து சந்திக்கும்.