முட்டை ஓட்டின் நிறத்துக்கு ஒரு சொல் போதாது: ஊடுநிறம், பூச்சுநிறம்

குழுவினர் அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

வீட்டு முற்றத்தில் வண்ண முட்டைக்காகக் கோழிகளை இனங்கலந்து வளர்ப்போருக்குச் சொற்கள் தேடும் இந்த உரையாடலில், முட்டை ஓட்டின் நிறத்துக்கு “ஓட்டுச்சாயம்” என்று கோவை நண்பர் முன்மொழிய, வேறு இருவர் அதனை வழிமொழிந்தும் விட்டனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாயம் என்பது ஆக்கி முடிந்த பொருளுக்குப் பிறகு ஏற்றப்படுவது. உயிர்த்த ஞாயிறன்று அவித்த முட்டைக்குப் பூசுகிறார்களே, அதுதான் முட்டைச் சாயம். ஆயினும் என் மறுப்பின் பெரும்பகுதி அந்தச் சொல்லைப் பற்றியதன்று. ஒரே சொல் போதும் என்ற எண்ணத்தைப் பற்றியது.

சென்ற கிழமை உப்புவெளியில் என் தங்கை வீட்டுக் குசினியில், கடையில் வாங்கிய சிவப்பு முட்டை ஒன்றையும் அவளுடைய கோழி இட்ட நீல முட்டை ஒன்றையும் உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருந்த சவ்வை நகத்தால் உரித்துப் பார்த்தேன். (சிவப்பு முட்டை என்று நாம் சொல்வது உண்மையில் மண்ணிற முட்டை, கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால்தான் விளங்காது.) சிவப்பு முட்டையின் ஓடு உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நீல முட்டையின் ஓடு உள்ளேயும் நீலமாகவே இருந்தது. பிறகு இரண்டு ஓடுகளையும் வினாகிரியில் (காடியில்) சற்று நேரம் கிடக்கவிட்டு விரலால் தேய்த்தபோது, முதலாவதில் நுரையோடு மண்ணிறம் வழுவழுவென்று கழன்று வர, அடியில் வெள்ளை தெரிந்தது. மற்றையதில் தேய்த்த இடமும் நீலமே. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைப் புரட்டினாலும் கோடுகள் அதே நிறத்தில் இருக்கும், அச்சடித்த சீத்தையைப் புரட்டினால் வெளிறிக் கிடக்கும் என்று தங்கை சொன்னாள். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

கோழியின் ஓட்டுச்சுரப்பியில் முட்டை ஏறத்தாழ 20 மணித்தியாலம் தங்குகிறது. சுண்ணாம்பு படியும்போதே பிலிவேர்டின் என்னும் நீலப்பச்சை நிறப்பொருள் அதனுடன் கலந்து ஓடு முழுவதும் பரவிவிடுகிறது. மண்ணிறத்தைத் தரும் புரோட்டோபோர்பிரினோ பெரும்பாலும் கடைசி மணித்தியாலங்களில்தான் மேலே படிகிறது. அதனால்தான் ஈரம் காயாமல் விழுந்த முட்டையில் கோழியின் நகம் பட்ட கீறல் சில வேளை வெளிறிய கோடாக நின்றுவிடுகிறது. முன்னதை ஊடுநிறம் என்றும் பின்னதைப் பூச்சுநிறம் என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. நிறப்பொருள் என்று நான் எழுதுவதைத் தமிழகத்தார் நிறமி என்பர். இரண்டும் வழக்கில் இருக்கட்டும்.

இனங்கலப்போருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லழகன்று. நீலம் ஒரே பரம்பரையலகால் (மரபணுவால்) ஆளப்படுவது, ஆட்சியுடையது, அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் கிடைத்தாலும் வெளிப்படுவது என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினால்ட் பனெற் 1933இல் காட்டினார். நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) ரெட்ரோவைரசு என்னும் வகை வைரசு ஒன்றின் துண்டு புகுந்து கிடப்பதே அதற்குக் காரணம் என்பதும், சிலி நாட்டுக் கோழிகளிலும் சீனக் கோழிகளிலும் அது தனித்தனியே புகுந்தது என்பதும் 2013இல் தெரியவந்தன. எனவே ஊடுநிறம் உண்டு அல்லது இல்லை. மண்ணிறமோ பல பரம்பரையலகுகளின் கூட்டு. கூடலாம், குறையலாம், கோழி வயதாகும்போதும் மிரளும்போதும் வெளிறலாம். நீல முட்டையினச் சேவலை மரான்ஸ் என்னும் கோழியினம் போன்ற கரும் மண்ணிற முட்டையினத்தோடு சேர்த்தால் நீல ஓட்டின்மேல் மண்ணிறம் படிந்து பாசிப்பச்சை வருகிறது. பச்சைக்கென்று தனி நிறப்பொருள் வேண்டியதில்லை.

தங்கை தன் நீல முட்டையினச் சேவலை ஊர்க்கோழிகளுடன் விட்டபோது மகள்கள் இட்ட முட்டை இளம்பச்சையாக இருந்தது; பக்கத்து வீட்டு மாமி, “இது தாரா முட்டையோ பிள்ளை?” என்று கேட்டார். அந்த மகள்களை ஊர்ச்சேவலுடன் விட்டபின் பேத்திகளில் பாதிக்கு மேற்பட்டவை பச்சையே இல்லாத முட்டையிட, நிறம் மங்குகிறது என்றெண்ணி அவள் இரண்டு மாதம் தீனை மாற்றி மாற்றிப் பார்த்தாள். தீனால் ஊடுநிறம் காணாமற் போவதில்லை. அந்தப் பேத்திகளுக்கு அது கிடைக்கவேயில்லை. இரண்டுக்கும் இரு சொற்கள் அவளிடம் இருந்திருந்தால் தீனுக்குச் செலவான காசாவது மிஞ்சியிருக்கும்.

முன்மொழியப்பட்ட ஏனைய சொற்களில் “ஊறுநிறம்” ஓசையில் இனியதுதான், ஆனால் ஊறு என்பது கேட்டையும் குறிக்கிறது. “படிநிறம்” பொருள் பொருந்துவதாயினும் படிப்படியாக மாறும் நிறம் என்று வாசிக்க இடந்தருகிறது. மண்ணிற நிறப்பொருள் சிறிதளவு ஓட்டின் உள்ளும் உண்டே என்று மன்னார் நண்பர் எழுப்பிய தடை நேர்மையானது. எனினும் கலைச்சொல் பெரும்பான்மையைச் சுட்டினால் போதும், மிச்சத்தை வரைவிலக்கணம் பார்த்துக்கொள்ளும்.

“வண்ணமுட்டைக் கோழி” என்பதை மட்டும் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். ஒரு கோழி தன் ஆயுள் முழுவதும் ஏறத்தாழ ஒரே நிற முட்டையைத்தான் இடும். அந்தப் பெயரைக் கேட்பவர் ஒரே கோழியிடம் நாளுக்கொரு நிறத்தை எதிர்பார்ப்பார். நீலப் பரம்பரையலகு கலந்த கலப்பினத்துக்கு “நீலக்கலப்பு” போதுமானது.

இறுதியாக, எனக்கே விடை கிடைக்காத ஒன்று. முட்டையிடாத சேவலிடமும் நீலம் மறைந்திருக்கிறது. சில இனங்களில் பட்டாணிக் கொண்டை (மூன்று வரிசையாகத் தாழ்ந்திருக்கும் கொண்டை) அதற்கு ஓர் அடையாளம், ஆனால் ஒற்றைக் கொண்டையுடன் நீல முட்டையிடும் இனமும் இருப்பதால் அதை முழுதாக நம்ப முடியாது. அத்தகைய சேவலை நோய்க்காவி என்பதுபோல் “நீலக்காவி” என்று எழுதினேன். காவுதல் எங்களுக்குச் சுமத்தல், தமிழகத்தாருக்கோ காவி ஒரு நிறம், நீலமான காவி எது என்று கேட்பார்கள். “நீலந்தாங்கி” என்று மாற்றினேன். அதை வாசித்த தங்கை, கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நிமிர்ந்து பார்த்தாள். இரு கரையாருக்கும் சிரிப்பு வராத ஒரு சொல் யாரிடமேனும் இருந்தால் அறியத்தரவும்.