புதுப்பிப்பு: மாற்று இதயத்தின் ரத்தக்குழாய் நோய், ஆஞ்சியோகிராமில் தெரியாதது ஐ.வி.யு.எஸ்.ஸில் தெரிந்தது

இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் ஆண்டில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தும் ஆஞ்சியோகிராம் இயல்பாக இருப்பது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. ரத்தக்குழாய்க்குள்ளேயே நுண்கருவியைச் செலுத்தும் ஐ.வி.யு.எஸ். அல்ட்ராசவுண்ட் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்ன யோசனையே பலித்தது: மாற்று இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் தடித்திருப்பது அதில் தெரிந்தது. ஆஞ்சியோகிராம் குழாய்க்குள் ரத்தம் ஓடும் இடத்தை மட்டுமே காட்டுகிறது, சுவரை அல்ல. இந்நோயிலோ சுவர் ஓரிடத்தில் அல்லாமல் நெடுகத் தடிப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பகுதியே இல்லாமல் குறுகல் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. முதல் ஆண்டுக்குள் உட்சுவர் 0.5 மி.மீ. கூடினாலே அது எச்சரிக்கையாம். அந்த ஆண்டில் இச்சோதனையைக் கேட்காமல் விட்டது எங்கள் பிழைதான். எதிர்பாராதது ஒன்று: நெஞ்சுவலி துளியும் இல்லை, ஏனெனில் மாற்றும்போது இதய நரம்புகள் துண்டிக்கப்படுவதால் பலருக்கு வலி தெரிவதில்லை. இப்போது, மாற்று இதயத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் குறைத்து, அதே வேலையோடு சுவர் தடிப்பதையும் மெதுவாக்கும் எவெரோலிமஸ் மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள்.