பெரியப்பா அனுப்பிய குரல்பதிவுக்கு என்ன பதில் சொல்வது?

சல்லிக்கரை:
நான் திருகோணமலை, சல்லியைச் சேர்ந்தவள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு குரல்பதிவு போட்டார். பேராசிரியர் போல ஒருவர் நிதானமாகப் பேசுகிறார். காலநிலை மாற்றம் கட்டுக்கதையாம். ஒரு எரிமலை வெடித்தால், மனிதர் நூறு வருடத்தில் விடும் புகை ஒரே நாளில் வந்துவிடுமாம். கடைசியில், "64ஆம் ஆண்டுப் புயல் எந்தக் கார்ப் புகையில் வந்தது?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விதான் பெரியப்பாவைப் பிடித்துவிட்டது. அந்த 1964 டிசம்பரில் அவருக்கு ஒன்பது வயது. கூரை பறந்ததும் விடியும்வரை கோயிலுக்குள் ஒடுங்கியிருந்ததும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். தம்பி எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று எழுதிவிட்டான். அன்றிரவே பெரியப்பா குழுவை விட்டுப் போய்விட்டார். எனக்கு மனசே சரியில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? எரிமலைக் கதை உண்மையா?

மூதூரான்:
குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள் தங்கச்சி. என் வாப்பாவிடம் நானும் அப்படிச் செய்து, இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனியாகப் போய் இருந்து பேசுங்கள்.

நிலாவெளி டீச்சர்:
எரிமலைக் கதை பிழை. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தகப் படலம் வெயிலை மறைத்து உலகம் அரை பாகை அளவு குளிர்ந்தது. வெப்பம் கூடவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் கரிக்குத் தனி அடையாளம் உண்டு. காற்றில் கூடிவருவது அந்தக் கரிதான் என்று அதை வைத்தே சொல்கிறார்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

புயல் விஷயத்தில் பெரியப்பா சொல்வது சரி, முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் அது. 78இல் மட்டக்களப்பும் பட்டது. புயல் என்றைக்கும் இருந்ததுதான். ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அது மழையாகக் கொட்டும். கடல் மட்டமும் உயர்வதால், அதே புயல் இன்று வந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே வரும். அந்தக் குரல்பதிவு ஒரு உண்மையைக் காட்டி, அதன் பின்னால் ஒரு பொய்யை நுழைக்கிறது. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சல்லிக்கரை:
நேற்றுப் போனேன். பெரியப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். முதலில் 64ஐப் பற்றிக் கேட்டேன், முழுவதையும் சொன்னார். பிறகுதான், "இதில் பேசுகிறவர் யார் பெரியப்பா?" என்றேன். தெரியாதாம், கட்டாரில் இருந்து யாரோ அனுப்பினதாம். எரிமலைக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே, சின்ன வயதில் வள்ளம் இழுத்துப் போட்ட இடம் இப்போது தண்ணீருக்குள் இருப்பதைக் கை நீட்டிக் காட்டினார். மணல் அள்ளினதும் ஒரு காரணம் என்றும் அவரே சொன்னார்.

குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.